அடுத்த ஆண்டைப் பற்றிய பேச்சு: மெல்பர்ன் கால்பந்தில் ஆட்டக்காரர் இடமாற்றத்தின் வரலாறு

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் பருவம் வழக்கமாகச் செப்டம்பர் கடைசியில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்தோடு முடிகிறது என்றாலும், அந்நகர ரசிகர்களின் பேச்சு சூடுபிடிப்பது அதன் பின்னர்தான். அக்டோபரில் சில நாட்கள் மட்டும் திறந்திருக்கும் ஆட்டக்காரர் பரிமாற்றக் காலத்தில், நாட்டின் 18 கழகங்களும் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்கின்றன. யார் வருவார், யார் போவார், போகிறவருக்கு ஈடாக எது கிடைக்கும், அதைக் கொண்டு அடுத்த ஆண்டில் எத்தனையாவது இடம் பிடிக்கலாம் என்ற கணக்குகள் அலுவலகங்களிலும் மதுக்கூடங்களிலும் ரயில் பெட்டிகளிலும் குடும்ப விருந்துகளிலும் ஓயாமல் நடக்கின்றன. தங்கள் கழகத்தின் எதிர்காலம் குறித்து ரசிகர்கள் கவலைப்படுவது விளையாட்டின் தொடக்கம் முதலே இருந்துவந்த இயல்பு என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கவலையைக் கணக்காக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு எல்லாக் கழகங்களின் ரசிகர்களுக்கும் கிடைத்தது மிக அண்மையில்தான் என்பதையும், ஏழைக் கழகத்தைப் பின்பற்றியவருக்கு அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசுவதற்கே பெரிதாக ஒன்றும் இல்லாதிருந்த காலம் நெடியது என்பதையும் இவ்விளையாட்டின் இடமாற்ற விதிகளின் வரலாறு காட்டுகிறது.

உலகின் பிற பகுதிகளில் கால்பந்து என்றதும் நினைவுக்கு வரும் ஆட்டத்திலிருந்து இது வேறுபட்டது. நீள்வட்ட வடிவப் பந்தைப் பக்கத்துக்கு 18 பேர் கிரிக்கெட் மைதானம் அளவுள்ள பரப்பில் உதைத்தும் முஷ்டியால் குத்திக் கடத்தியும் ஆடும் இவ்வாட்டத்தை, குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடல்வலிமை குன்றாமல் இருக்க ஒரு கழகம் வேண்டும் என்று 1858இல் டாம் வில்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தோடு தொடங்குவது வழக்கம். மெல்பர்ன் கழகம் தன் விதிகளை எழுதிவைத்தது 1859 மே மாதத்தில். 1897இல் எட்டுக் கழகங்களோடு ஆடத் தொடங்கிய விக்டோரியக் கால்பந்து லீக், 1925இல் பன்னிரண்டு கழகங்களாக வளர்ந்தது. ஜீலாங் என்ற துறைமுக நகரின் கழகம் நீங்கலாக மற்றவை யாவும் மெல்பர்னின் உள்வட்டப் புறநகர்களைச் சேர்ந்தவை. காலிங்வுட், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய், ஃபுட்ஸ்க்ரே என்பன முதலில் ஊர்ப்பெயர்கள், பிறகே கழகப் பெயர்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் காலணி ஆலைகளும் நிறைந்த அத்தெருக்களில், சனிக்கிழமை ஆடுகிறவர் திங்கட்கிழமை பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்பவராக இருப்பது அரிதான செய்தி இல்லை.

இந்தப் பிணைப்பு தானாக நீடித்ததா, விதியால் நீட்டிக்கப்பட்டதா என்று கேட்டால், இரண்டும் உண்மை. 1915இல் லீக் நகரை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் குடியிருக்கும் இளைஞர்களைச் சேர்க்கும் உரிமையை ஒரு கழகத்துக்கு அளித்தது. அதற்கு முன்பே, ஒரு கழகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக விரும்புபவர் பழைய கழகத்திடமிருந்து கிளியரன்ஸ் என்னும் விடுவிப்பு அனுமதியைப் பெற வேண்டும் என்ற விதி வேரூன்றிவிட்டது. இவ்வனுமதியைத் தருவதும் மறுப்பதும் பெரிதும் கழகத்தின் விருப்பம்; ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் கழகத்துக்குக் கட்டுப்பட்டவராகவே இருந்தார். 1911 முதல் ஆட்டத்துக்கு ஊதியம் தருவது வெளிப்படையாக ஏற்கப்பட்டிருந்தும், 1930இல் வந்த கூல்ட்டர் சட்டம், அதாவது அதை முன்மொழிந்த பிரதிநிதியின் பெயரால் வழங்கிய லீக் விதி, ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுனுக்கு மேல் எவருக்கும் தரக் கூடாது என்று வரம்பு கட்டியது. பணக்காரக் கழகங்கள் எளியவற்றின் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம் என்று கூறப்பட்டது. நடந்ததோ வேறு.

வரம்புக்கு உட்பட்டது ஊதியம் மட்டுமே. வேலை தருவதற்கு வரம்பில்லை. பொருளாதார மந்தத்தால் விக்டோரியாவில் வேலையின்மை தலைவிரித்தாடிய அந்த ஆண்டுகளில், நிரந்தர வேலை என்ற ஒரு சொல் மூன்று பவுனைவிடப் பன்மடங்கு மதிப்புடையதாக இருந்தது. சௌத் மெல்பர்ன் கழகத்தின் தலைவரும் மளிகைக் கடைத் தொடர் ஒன்றின் உரிமையாளருமான ஆர்ச்சி கிராஃப்ட்ஸ் தம் கடைகளில் வேலை தந்து பிற மாநிலங்களிலிருந்து சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டினார். பத்திரிகைகள் அந்த அணியை ‘அந்நியப் படை’ என்று அழைத்தன. 1933இல் அவ்வணி கோப்பையை வென்றது. உள்ளூர்ப் பையன்களைக் கொண்டு ஆடுவதே கழகத்தின் பெருமை என்று நம்பிய தலைமுறைக்கு இது உறுத்தலாக இருந்திருக்கக்கூடும் என்றாலும், வெற்றி அந்த உறுத்தலை ஆற்றிவிட்டது. வெளியிலிருந்து வருகிறவர் தம் அணியை உயர்த்துவார் என்ற எதிர்பார்ப்பு மெல்பர்ன் ரசிகர்களிடையே பெரிய அளவில் வெளிப்பட்ட முதல் தருணங்களுள் இது ஒன்று. பேச்சு அப்போது நடந்தது டிராம் வண்டிகளிலும், சனிக்கிழமை மாலையில் இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகி வந்த ‘ஸ்போர்ட்டிங் குளோப்’ இதழைச் சுற்றியும்.

விட்டுப் போகிறவர்மீது ரசிகர்கள் கொண்ட சினமும் புதியதன்று. காலிங்வுட்டின் ரான் டாட் 1938இலும் 1939இலும் ஒவ்வொரு பருவத்திலும் 120 கோல்களுக்குக் குறையாமல் அடித்தவர். 1940இல் அவர் கிளியரன்ஸ் இல்லாமலேயே, லீக்கோடு அப்போது பகை பூண்டிருந்த போட்டி அமைப்பைச் சேர்ந்த வில்லியம்ஸ்டவுன் கழகத்துக்கு, காலிங்வுட் தர முடியாத தொகைக்காகச் சென்றார். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் தம் உழைப்புக்கு உரிய விலையைக் கேட்டது குற்றமாகக் கருதப்பட்டு, அந்தக் கழகத்தார் அவரைப் பல்லாண்டுகள் மன்னிக்கவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரசிகரின் விசுவாசத்துக்கு ஈடான விசுவாசத்தை ஆட்டக்காரரிடம் எதிர்பார்ப்பது இயல்புதான், ஆனால் ரசிகர் அதைத் தம் விருப்பத்தால் தருகிறார், ஆட்டக்காரரிடமிருந்து அது விதியால் பிடுங்கப்பட்டது. அந்த வேறுபாட்டை அன்றைய பொதுக்கருத்து உணரவில்லை.

1964 டிசம்பரில் ரான் பராஸி மெல்பர்ன் கழகத்தை விட்டுக் கார்ல்டனுக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் போனபோது ஏற்பட்ட அதிர்ச்சி இன்றும் அந்நகரில் ஒரு காலக் கோடாகக் குறிக்கப்படுகிறது. மெல்பர்ன் கழகத்துக்காக ஆடிய அவருடைய தந்தை 1941இல் டோப்ருக்கில் போரில் இறந்தார். தந்தை ஆடிய கழகத்தில் மகன் சேரலாம் என்ற சிறப்பு விதியைத் தொடக்க காலத்திலேயே பயன்படுத்தி வந்தவர் பராஸி. அக்கழகத்தோடு ஆறு கோப்பைகளை வென்று அதன் அணித்தலைவராகவும் இருந்தார். அப்படிப்பட்டவரே போகலாம் என்றால் யார்தான் போகமாட்டார் என்ற கேள்வி எல்லாக் கழகங்களின் ரசிகர்களுக்கும் பொதுவானது. கார்ல்டன் அவருடைய பயிற்சியில் 1968இலும் 1970இலும் வென்றது. 1964இல் வென்றிருந்த மெல்பர்ன், மறுபடியும் கோப்பையைத் தொட 2021 வரை காத்திருந்தது.

பராஸியின் இடமாற்றம் விதிவிலக்கு. விதியோ அப்படியே இருந்தது. நீதிமன்றத்துக்குப் போனால் கிளியரன்ஸ் முறை நிற்காது என்ற அச்சம் வலுத்த நிலையில், ஒரே கழகத்தில் பத்து ஆண்டுகள் பணியாற்றியவர் தம் விருப்பப்படி வேறு கழகத்துக்குப் போகலாம் என்று லீக் 1972இன் இறுதியில் அனுமதித்து, சில மாதங்களிலேயே அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. அந்தக் குறுகிய இடைவெளியில் ஆறு பேர் மாறினர். அவர்களில் மூவர், அதாவது ஜீலாங்கின் டக் வேட், எசண்டனின் பேரி டேவிஸ், சௌத் மெல்பர்னின் ஜான் ராண்டல் ஆகியோர், அதுவரை ஒரு கோப்பையும் வெல்லாத நார்த் மெல்பர்னுக்குச் சென்றனர். அதே சமயத்தில் பராஸியும் பயிற்சியாளராக அங்கே வந்தார். 1974இல் வேட் நூறு கோல்களுக்கு மேல் அடித்தார். 1975இல் டேவிஸின் தலைமையில் நார்த் மெல்பர்ன் தன் முதல் கோப்பையை வென்றது. அரை நூற்றாண்டுக் காலம் நம்பிக்கையின்றிக் கிடந்த ஒரு கழகத்தை, ஒரு சில மாதங்களே உயிரோடிருந்த ஒரு விதி உயர்த்திவிட்டது என்பதைக் கண்ட பிறகு, இடமாற்ற விதிகளைப் பற்றிப் பேசுவது நிர்வாகிகளின் வேலை மட்டும் என்று எவரும் கருதியிருக்க முடியாது.

இதற்கிடையே 1967இல் தொடங்கிய நாட்டுப்புற வட்டாரமுறை சமமின்மையை ஆழப்படுத்திக்கொண்டிருந்தது. மாநிலத்தின் ஊர்ப்புறங்களைப் பன்னிரண்டு கழகங்களுக்கும் பங்கிட்டுத் தந்த அம்முறையில், கார்ல்டனுக்குப் பெண்டிகோ பகுதியும் ஹாத்தோர்னுக்கு மார்னிங்டன் தீபகற்பமும் வாய்த்தன. மெல்பர்ன் நகரின் விளிம்பு தெற்கே பரவி அத்தீபகற்பத்தை நிறைக்கத் தொடங்கியிருந்ததால், ஹாத்தோர்னுக்குக் கிடைத்தது பெயரளவில்தான் ஊர்ப்புறம். செல்சீயிலிருந்து வந்த லீ மேத்யூஸ் போன்றோரைக் கொண்டு அக்கழகம் இருபதாண்டுக் காலம் கோலோச்சியது. வளமற்ற வட்டாரம் வாய்த்த கழகத்தின் ரசிகருக்கு அடுத்த ஆண்டும் இந்த ஆண்டைப் போலவே இருந்தது. 1967 முதல் 1989 வரையிலான 23 பருவங்களில் கோப்பையை வென்ற கழகங்கள் ரிச்மண்ட், கார்ல்டன், ஹாத்தோர்ன், நார்த் மெல்பர்ன், எசண்டன் என்ற ஐந்து மட்டுமே. ஃபுட்ஸ்க்ரேயின் ரசிகர் ஒருவர் தம் கழகத்தின் வாய்ப்புகளைப் பற்றி என்ன பேசியிருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தால், இந்த எண்ணின் பாரம் விளங்கும்.

முறையை உடைத்தது ஓர் இளைஞரின் வழக்கு. சௌத் மெல்பர்ன் கழகம் கடன் சுமையால் 1982இல் தன் உள்ளூர் ஆட்டங்களைச் சிட்னிக்கு மாற்றியபோது, சிட்னிக்குப் போக விரும்பாத சில்வியோ ஃபோஷினி செயிண்ட் கில்டாவில் சேர முயன்றார், கிளியரன்ஸ் மறுக்கப்பட்டது. 1983 ஏப்ரலில் விக்டோரிய உச்ச நீதிமன்றம், லீக்கின் விதிகள் ஒருவர் தம் தொழிலைச் செய்வதை நியாயமற்ற முறையில் தடுக்கின்றன என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் வேர்கள் ஆழமானவை: இங்கிலாந்தில் 1963இல் ஜார்ஜ் ஈஸ்டம் நியூகாசில் கழகத்துக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பும், சிட்னியின் ரக்பி லீக் ஆட்டக்காரர் டென்னிஸ் டட்டி தொடர்பாக ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1971இல் வழங்கிய தீர்ப்பும், ஆட்டக்காரரும் ஒரு தொழிலாளியே என்ற எளிய உண்மையை ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தன. இந்த வரலாற்றில் ரசிகர்களின் கவனத்துக்கு உரிய பங்கு பெறாத பெயர் ஒன்று உண்டு என்றால் அது ஃபோஷினியின் பெயர். கோப்பைகளை வென்ற பலரைவிட இவ்விளையாட்டை மாற்றியவர் அவர்.

தீர்ப்பை ஒட்டிய ஆண்டுகள் கட்டற்ற ஏலக் காலமாக இருந்தன. 1983இல் ரிச்மண்டின் டேவிட் குளோக்கும் ஜெஃப் ரெயின்ஸும் காலிங்வுட்டுக்குப் போக, ரிச்மண்ட் பழிவாங்கும் வேகத்தில் காலிங்வுட்டின் ஆட்டக்காரர்களைப் பெரும் பணம் கொடுத்து இழுத்தது. 1985இல் தனியார் உடைமையாகிவிட்ட சிட்னி, ஜீலாங்கின் கிரெக் வில்லியம்ஸ் உள்ளிட்ட மூவரைக் கொண்டு சென்றது. விளைவு கழகங்களின் திவால் நிலை. 1980இல் கோப்பை வென்றிருந்த ரிச்மண்ட் பத்தே ஆண்டுகளில் கழகத்தைக் காப்பாற்ற ரசிகர்களிடம் பத்து லட்சம் டாலர் திரட்ட வேண்டிய நிலைக்கு வந்தது. 1989 அக்டோபரில் ஃபுட்ஸ்க்ரே கழகத்தை ஃபிட்ஸ்ராயோடு இணைத்துவிடுவதாக அறிவிப்பு வந்ததும், மேற்குப் புறநகர்களின் மக்கள் உண்டியல் டப்பாக்களோடு வீடுவீடாகப் போய்ப் பணம் திரட்டி அந்த இணைப்பைத் தடுத்தார்கள். ஃபிட்ஸ்ராய்க்கு அந்த நல்லூழ் இல்லை. 1896இல் லீக்கை நிறுவியவற்றுள் ஒன்றான அக்கழகம் 1996இல் பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது. புதிய கழகம் ஃபிட்ஸ்ராயின் ஆட்டக்காரர்களில் எட்டுப் பேரை எடுத்துக்கொண்டது, மற்றவர்கள் வேறிடம் தேடினர். ஒரு நூற்றாண்டுக் காலக் கழகத்தின் ஆட்டக்காரர்கள் இவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டதை அதன் ரசிகர்கள் கண்டார்கள். வாய்ப்புகளைப் பற்றிய பேச்சு அந்த ஆண்டுகளில் பல ஊர்களில் கழகம் பிழைக்குமா என்ற பேச்சாகவே இருந்தது என்பதை மறந்துவிட்டால், இன்றைய அக்டோபர் பேச்சின் அடியில் இருக்கும் பதற்றம் புரியாது.

இச்சூழலில்தான் இன்றைய அமைப்பின் இரு தூண்களும் நாட்டப்பட்டன. முதலாவது டிராஃப்ட் என்னும் ஆள்தேர்வு: ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை எல்லாக் கழகங்களும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும், புள்ளிப் பட்டியலில் கடைசியில் வந்த கழகம் முதலில் தேர்ந்தெடுக்கும். 1986 நவம்பரில் நடந்த முதல் ஆள்தேர்வில், புதிதாக உருவான பிரிஸ்பேன் பேர்ஸ் கழகம் மார்ட்டின் லெஸ்லியை முதல் பெயராக அழைத்தது. இரண்டாவது ஊதிய உச்சவரம்பு: ஒரு கழகம் தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து இவ்வளவுதான் தரலாம் என்ற வரம்பு, 1987இல் 12.5 லட்சம் டாலராக விதிக்கப்பட்டது. கூல்ட்டர் சட்டம் தனியொருவரின் கூலிக்கு வரம்பிட்டது. இது மொத்தத் தொகைக்கு வரம்பிட்டு, அதைப் பங்கிடும் பொறுப்பைக் கழகத்திடம் விட்டது. லீக் 1990இல் தன் பெயரை ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்று மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டு முதல் 2024 வரையில் பதினான்கு வெவ்வேறு கழகங்கள் கோப்பையை வென்றுள்ளன. சமநிலைப்படுத்தும் இக்கொள்கைமீது எத்தனையோ குறை சொல்லலாம், சொல்லவும் படுகிறது. எனினும் கடைசி இடத்தில் இருப்பவருக்கும் பேசுவதற்கு ஓர் அடுத்த ஆண்டை அது தந்தது என்பதை மறுக்க இயலாது.

பரிமாற்றக் காலம் இந்த இரண்டு தூண்களுக்கும் இடையே வளர்ந்தது. ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு கழகம் மற்றொன்றுக்குப் பணம் கொடுத்து ஆட்டக்காரரைப் பெறுகிறது. தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஐ.பி.எல். ஏலத்தில் அணிகள் பணத்தைக் கூறிப் போட்டியிடுகின்றன. இங்கே கழகங்களுக்கிடையே விலை என்று எதுவும் கைமாறுவதில்லை. ஆட்டக்காரருக்கு ஈடாக மற்றோர் ஆட்டக்காரரோ, வரவிருக்கும் ஆள்தேர்வில் இத்தனையாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ தரப்படுகிறது. அதனால் தேர்வுரிமையே நாணயமாகிவிட்டது. பதினேழு வயதில் இன்னும் பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருக்கும், பெயர் அறியாத ஒரு பையனுக்காக, தாம் பல ஆண்டுகள் கைதட்டிய ஒருவரைக் கொடுக்கலாமா என்று ரசிகர் எடைபோட வேண்டியிருக்கிறது.

இவ்வகை எடைபோடலுக்கு மிகச் சிறந்த சான்று 2001இல் ஹாத்தோர்னும் ஃப்ரீமாண்டிலும் செய்துகொண்ட பரிமாற்றம். ஹாத்தோர்ன் தன் இளம் நட்சத்திரம் டிரெண்ட் குரோடையும் உடன் லூக் மெக்ஃபார்லினையும் கொடுத்து, 1, 20, 36 ஆகிய தேர்வுரிமைகளைப் பெற்றது. முதல் உரிமையால் லூக் ஹாட்ஜும் 36ஆவது உரிமையால் சாம் மிட்செலும் வந்தனர்; மிட்செல் 2008இலும் ஹாட்ஜ் 2013, 2014, 2015 ஆண்டுகளிலும் கோப்பை வென்ற அணிகளின் தலைவர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கழகம் மற்றொன்றை ஏமாற்றியது போல் தோன்றும் இதில், இன்னும் சில உண்மைகள் உண்டு. மெக்ஃபார்லின் ஃப்ரீமாண்டிலின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவரானார். குரோடோ இரண்டே ஆண்டுகளில் ஹாத்தோர்னுக்குத் திரும்பி 2008 கோப்பை அணியிலும் ஆடினார். பரிமாற்றத்தின் வெற்றி தோல்வியை அது நடந்த வாரத்திலேயே மதிப்பெண் போட்டுத் தீர்ப்பளிக்கும் பத்திரிகை வழக்கம் எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை; ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் அதன் முதற்பலன் தெரிந்தது.

விதியை மீறியவர்களின் தண்டனையும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. ஊதிய உச்சவரம்பை மீறி மறைவாகப் பணம் கொடுத்ததற்காக 2002இல் கார்ல்டன் 9.3 லட்சம் டாலர் அபராதத்தோடு, அந்த ஆண்டின் முதல் இரண்டு தேர்வுரிமைகளையும் இழந்தது. செல்வாக்கு மிக்க கழகங்களுள் ஒன்று, பணத்தைவிடத் தேர்வுரிமை பறிபோனதால் நெடுங்காலம் எழ முடியாமல் தவித்தது. அந்த முதல் உரிமை செயிண்ட் கில்டாவுக்குப் போக, அது பிரெண்டன் கோடர்டைத் தேர்ந்தெடுத்தது. அதே கோடர்ட்தான் 2012இல் புதிதாக வந்த விதியைப் பயன்படுத்தி எசண்டனுக்கு மாறிய முதல் பெரிய பெயரானார். ஒரே கழகத்தில் எட்டு ஆண்டுகள் ஆடி ஒப்பந்தம் முடிந்தவர், பரிமாற்றம் இல்லாமலே தாம் விரும்பிய கழகத்துக்குப் போகலாம் என்பது அவ்விதி. கழகத்தில் அதிக ஊதியம் பெறும் பத்துப் பேருள் ஒருவராக இருந்தால், வெளியார் தரும் தொகைக்கு ஈடு கொடுத்து அவரை நிறுத்திக்கொள்ளும் உரிமை பழைய கழகத்துக்கு உண்டு. இழந்த கழகத்துக்கு லீக் ஓர் ஈட்டுத் தேர்வுரிமையைத் தருகிறது. 1973இல் சில மாதங்களில் கைவிடப்பட்ட கொள்கை, நாற்பதாண்டுக்குப் பின் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவில் திரும்பி வந்தது.

அவ்விதியின்படி 2013இல் ஹாத்தோர்னின் லான்ஸ் ஃபிராங்க்ளின் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி கழகத்துக்குப் போவார் என்று ஆண்டு முழுதும் பத்திரிகைகள் எழுதின. ஹாத்தோர்னோடு கோப்பை வென்ற சில நாட்களில் அவர் சிட்னி ஸ்வான்ஸ் கழகத்தோடு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி வெளியானபோது, அத்தனை ஊகங்களும் ஒரே பிற்பகலில் பொய்த்தன. மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவருடைய புதிய கழகத்தைப் பழைய கழகம் 63 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஆனாலும் அவரை வாங்கியது தவறு என்று சிட்னி ரசிகர்கள் சொல்லமாட்டார்கள்: 2022 மார்ச்சில் அவர் தம் ஆயிரமாவது கோலை அடித்தபோது ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் ஓடி அவரைச் சூழ்ந்துகொண்டனர்.

மேற்கு மெல்பர்னின் கழகமான வெஸ்டர்ன் புல்டாக்ஸ், அதாவது பழைய ஃபுட்ஸ்க்ரே, 2014 அக்டோபரில் கண்டது இன்னும் ஆழமான சோதனை. அணித்தலைவர் ரயன் கிரிஃபன் தம்மைக் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு மாற்றுமாறு கேட்டார். பயிற்சியாளர் பதவி விலகினார். நெடுநாள் ஆடிய ஆடம் கூனியும் ஷான் ஹிக்கின்ஸும் வேறு கழகங்களுக்குச் சென்றனர். கிரிஃபனுக்கு ஈடாக, அதோடு ஆறாவது தேர்வுரிமையையும் கொடுத்து, அக்கழகம் டாம் பாய்ட் என்ற பத்தொன்பது வயது இளைஞரைப் பெற்று, அவருக்கு ஏழு ஆண்டுகளுக்குச் சுமார் 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அவர் அதுவரை ஆடியிருந்தவை வெறும் ஒன்பது ஆட்டங்கள். 1954க்குப் பிறகு கோப்பையைக் காணாத ஒரு கழகத்தின் ரசிகர்கள் இதை அறிவின்மை என்று சொன்னால், அவர்களைக் குறை கூற முடியாது. 2016இல் பட்டியலில் ஏழாம் இடத்திலிருந்து புறப்பட்ட அவ்வணி, இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் கிரிஃபன் போய்ச் சேர்ந்த அதே கழகத்தை ஆறு புள்ளி வித்தியாசத்தில் வென்று, இறுதி ஆட்டத்தில் சிட்னியை வீழ்த்தியது. பாய்ட் மூன்று கோல்கள் அடித்தார், நெடுந்தொலைவிலிருந்து அவர் உதைத்த கடைசிப் பந்து துள்ளிக் கோல் கம்பங்களுக்கு இடையே உருண்டபோது வெற்றி உறுதியானது. பின்னர் மன அழுத்தத்தோடு போராடியதை வெளிப்படையாகப் பேசிய பாய்ட், ஒப்பந்தம் முடிய ஈராண்டுக்கு மேல் இருக்கையிலேயே, 2019இல் 23 வயதில் ஓய்வு பெற்றார். அந்தத் தொகைக்கு அவர் தகுதியானவரா என்று வாராவாரம் பொதுவெளியில் விவாதிக்கப்பட்ட ஓர் இளைஞரின் மனநிலையை, அந்த விவாதத்தில் கலந்துகொண்டவர்கள் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

2015 முதல் அடுத்த ஆண்டின் தேர்வுரிமைகளையும் இந்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம் என்றானதால், ரசிகரின் கவனம் தம் கழகத்தின் எல்லையைத் தாண்டியது. வேறொரு கழகத்தின் எதிர்கால உரிமை தம் கையில் இருந்தால், அந்தக் கழகம் தோற்கத் தோற்க அதன் மதிப்பு ஏறும். தமக்குத் தொடர்பில்லாத ஆட்டத்திலும் ஒரு பக்கம் சாய வேண்டிய நிலை உண்டாயிற்று. காலிங்வுட் இதன் கூர்மையை உணர்ந்தது. உச்சவரம்பின் நெருக்கடியால் 2020இல் ஆடம் டிரலோர், ஜெய்டின் ஸ்டீஃபன்சன், டாம் ஃபிலிப்ஸ் ஆகியோரை ஒருசேர விட்டுக்கொடுத்த அக்கழகம், 2021க்குரிய தன் முதற்சுற்று உரிமையையும் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குத் தந்திருந்தது. அந்த ஆண்டு அது பதினேழாம் இடத்துக்குச் சரிய, தந்த உரிமை இரண்டாம் தேர்வாக உயர்ந்தது. உறுப்பினர்களின் கொந்தளிப்பு நிர்வாகத்தை ஆட்டியது. ஆனால் அதே 2021இல், தந்தை ஆடிய கழகத்தில் மகனைச் சேர்க்கும் பழைய விதியால், பீட்டர் டைக்கோஸின் மகன் நிக் காலிங்வுட்டுக்கு வந்தார்; 2023இல் அவரும் அவருடைய அண்ணன் ஜோஷும் ஆடிய அணி பிரிஸ்பேனை நான்கு புள்ளி வித்தியாசத்தில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. நாணயக் கணக்குகளின் நடுவே குடும்பத்தொடர்பு என்ற ஒரு பழங்கால உரிமையை லீக் விட்டுவைத்திருப்பது முரண்பாடு என்று பிற கழகத்தார் குறை கூறுவதில் நியாயம் உண்டு. அந்த விதியை ஒழிக்கலாம் என்று கேட்டால், அவர்களிலும் பலர் தயங்குவர்.

இன்றும் தீராத வழக்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. அமெரிக்க விளையாட்டுகளில் பல ஆட்டக்காரர்களை அவர்களுடைய ஒப்புதல் இல்லாமலே கழகங்கள் மாற்றிவிடலாம். ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஆட்டக்காரர் இசையாமல் பரிமாற்றம் நடவாது. ஒப்பந்தம் இருக்கும்போதே வேறு கழகத்துக்குப் போகவேண்டும் என்று கேட்கும் ஆட்டக்காரர்கள் பெருகியிருப்பதால், தங்களுக்கும் அதே அளவு உரிமை வேண்டும் என்று கழகங்களின் தரப்பில் குரல்கள் எழுகின்றன. 1973இல் தோன்றிய ஆட்டக்காரர் சங்கம் அதை எதிர்க்கிறது. பெர்த்திலோ அடிலெய்டிலோ வீடும் மனைவி மக்களும் உடைய ஒருவரை, ஒரு தேர்வுரிமைக்காக மெல்பர்னுக்கு அனுப்பும் அதிகாரம் கழகத்துக்கு இருக்கலாமா என்பது, சிட்னிக்குப் போகமாட்டேன் என்று ஃபோஷினி சொன்னபோது எழுந்த அதே கேள்வி. தம் அணிக்கு ஆதாயம் என்றால் ஆம் என்றும், தாம் நேசிக்கும் ஆட்டக்காரர் என்றால் இல்லை என்றும் ரசிகர்கள் இரு விதமாக விடை சொல்கிறார்கள். கழகங்களும் சங்கமும் இன்னும் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை.